கிடார் ஆம்ப்பின் பின்பக்கம்: எந்த ஜாக்கில் எதைச் செருகலாம்?

கேள்வி இதுதான். பயன்படுத்திய டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ஆம்ப்ளிஃபயர்) ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். 40 வாட், உள்ளேயே 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. பின்பக்கம் வரிசையாக ஜாக்குகள்: 16 ஓம் என்று ஒன்று, 8 ஓம் என்று இரண்டு, எஃபெக்ட்ஸ் சென்ட், ரிட்டர்ன், எமுலேட்டட் லைன் அவுட், ஃபுட்ஸ்விட்ச் (காலால் அழுத்தும் சுவிட்சுக்கானது). எல்லாத் துளைகளும் ஒரே அளவு. இரவில் சத்தம் வராமல் பதிவு செய்ய, ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டு லைன் அவுட்டிலிருந்து லேப்டாப்புக்கு எடுக்கலாமா? நண்பரின் நான்கு ஸ்பீக்கர் கேபினெட்டை, அதாவது ஸ்பீக்கர் பெட்டியை, இதில் மாட்டலாமா? ஹெட்போனை எங்கே செருகுவது?

முதல் கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்காதீர்கள். டியூப் ஆம்ப்பில் அது விலை உயர்ந்த தவறு. இரவில் சத்தமில்லாமல் பதிவு செய்ய வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அந்த ஜாக்குகளில் என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது.

குழப்பத்துக்கு முக்கியக் காரணம் அந்த ஒரே அளவுத் துளைதான். கால் அங்குல பிளக், அதாவது 6.35 மில்லிமீட்டர், 19ஆம் நூற்றாண்டின் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளில் ஆபரேட்டர்கள் இணைப்பு கொடுக்கப் பயன்படுத்திய பிளக். உறுதியானது, மலிவானது, சட்டென்று செருகி எடுக்கலாம். அதனால் கிடார், ஆம்ப், ஸ்பீக்கர், பெடல், ஹெட்போன் என்று எல்லாவற்றுக்கும் அதையே வைத்துவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு துளையிலும் வரும் மின்சாரத்துக்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கிடாரின் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) தருவது பெரும்பாலும் ஒரு வோல்ட்டில் பத்தில் சில பங்குதான். லைன் அவுட்டில் வருவது, வீட்டு உபயோகக் கருவிகளின் அளவில் 0.3 வோல்ட், ஸ்டூடியோ அளவில் 1.23 வோல்ட். ஸ்பீக்கர் அவுட்டிலோ, 100 வாட் ஆம்ப் 8 ஓம் ஸ்பீக்கரை முழு வேகத்தில் ஓட்டும்போது 28 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். கூடவே மூன்றரை ஆம்பியர் கரண்ட். உங்கள் 40 வாட் ஆம்ப்பில் 16 ஓம் ஸ்பீக்கர் என்றால் 25 வோல்ட் வரும். அதைக் கொண்டுபோய் மிக்சரிலோ லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸிலோ செருகினால் அதன் இன்புட் பகுதி கருகிப் போகலாம். ஆக, ஒவ்வொரு ஜாக்கிடமும் இரண்டு விஷயம் கேளுங்கள்: இதில் எவ்வளவு சக்தி வருகிறது? மறுமுனையில் இது என்ன இருக்கும் என்று எதிர்பார்க்கிறது?

முதலில் ஸ்பீக்கர் ஜாக்குகள். விஷயம் அதிகம் இருப்பதும் இங்கேதான், ஆபத்து அதிகம் இருப்பதும் இங்கேதான்.

டியூப் என்பது அதிக வோல்டேஜில் குறைந்த கரண்ட்டோடு வேலை செய்யும் சாதனம். ஸ்பீக்கர் நேர் எதிர்: அதற்குக் குறைந்த வோல்டேஜ், நிறைய கரண்ட் வேண்டும். இரண்டையும் சேர்த்து வைப்பது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். ஆம்ப்பைத் தூக்கும்போது கனக்கிறதே, அந்தக் கனத்தில் ஒரு பெரிய பங்கு இதனுடையது. ஜோடியாக வேலை செய்யும் இரண்டு டியூப்கள் தங்கள் முன்னால் பல ஆயிரம் ஓம் சுமையை எதிர்பார்க்கும். உதாரணத்துக்கு 6,400 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கர் 8 ஓம்தான். 6,400ஐ 8ஆல் வகுத்தால் 800. டிரான்ஸ்பார்மரின் இரண்டு பக்கச் சுற்றுகளின் விகிதம் அதன் வர்க்கமூலம், அதாவது சுமார் 28. இப்படி 28க்கு 1 என்ற விகிதத்தில் கம்பி சுற்றினால், 8 ஓம் ஸ்பீக்கர் டியூப்களின் கண்ணுக்கு 6,400 ஓமாகத் தெரியும்.

16 ஓம், 8 ஓம் என்று தனித்தனி ஜாக்குகள் இருப்பதற்கு இதுதான் காரணம். அவை டிரான்ஸ்பார்மரின் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த இணைப்புகள். 16 ஓம் ஸ்பீக்கரை 16 ஓம் ஜாக்கில் செருகினாலும், 8 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் ஜாக்கில் செருகினாலும் டியூப்களுக்கு ஒரே சுமைதான் தெரியும். ஒலியின் வலிமையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 16 ஓம் ஜாக்கில் சத்தம் அதிகம் வரும், 4 ஓம் ஜாக்கில் பவர் அதிகம் என்றெல்லாம் பேசுவார்கள். டிரான்ஸ்பார்மர் உள்ள ஆம்ப்புக்கு அது பொருந்தாது.

மாற்றிச் செருகினால்? மேலே சொன்ன கணக்கில் 8 ஓம் ஜாக்கில் 4 ஓம் ஸ்பீக்கரைப் போட்டால் டியூப்களுக்கு 3,200 ஓம் தெரியும், அவை அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும், சீக்கிரம் தேயும். 16 ஓம் ஸ்பீக்கரைப் போட்டால் 12,800 ஓம் தெரியும், டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் ஏறும். எந்தப் பக்கம் தவறினால் ஆபத்து குறைவு என்பதில் ஆம்ப் பழுது பார்ப்பவர்களே ஒத்துப்போவதில்லை. ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய வடிவமைப்புகள் ஓம் இரண்டு மடங்காகக் கூடினாலும் பாதியாகக் குறைந்தாலும் பெரும்பாலும் தாங்கும். மார்ஷல் வகை ஆம்ப்களில் அந்தத் தைரியம் எனக்கு இல்லை. கேபினெட்டின் பின்னால் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்க ஒரு நிமிடம் போதும். அதைப் பார்த்துச் சரியாகச் செருகிவிட்டால் இந்த விவாதமே தேவையில்லை.

இப்போது ஸ்பீக்கரே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். டியூப்கள் கரண்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை வாங்கிக்கொள்ள மறுபக்கம் ஆளில்லை. கிணற்றில் பலம் கொண்ட மட்டும் நீர் இறைக்கும்போது கயிறு அறுந்தால், இழுத்த விசை முழுவதும் இழுப்பவர் மேலேயே திரும்புமே, அப்படித்தான். டிரான்ஸ்பார்மரின் டியூப் பக்கத்தில் வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் எகிறும். டியூப் சாக்கெட்டின் பின்களுக்கு நடுவே பொறி பறக்கும், அது போகும் வழியில் கரிக்கோடு விழும், கடைசியில் டிரான்ஸ்பார்மரின் உள் காப்பு உடையும். சில சமயம் ஒன்றும் ஆகாமல் தப்பிக்கலாம். அப்படித் தப்பித்த ஒருவர் "நான் செய்தேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்வதை நம்பி இறங்க வேண்டாம்.

ஃபெண்டர் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. டீலக்ஸ் ரிவெர்ப், டுவின் ரிவெர்ப் போன்ற ஆம்ப்களின் முதன்மை ஸ்பீக்கர் ஜாக்கில் எதுவும் செருகாதபோது, உள்ளே ஒரு சிறு தகடு அவுட்புட்டை நேராக கிரவுண்டோடு இணைத்துவிடும். அதாவது ஷார்ட். கேட்கப் பயமாக இருந்தாலும் டியூப் ஆம்ப்புக்கு, சுமையே இல்லாமல் திறந்து கிடப்பதைவிட ஷார்ட் ஆவது ஆபத்து குறைந்தது. இதிலிருந்து இன்னொரு விஷயமும் தெரிகிறது: பக்கத்தில் உள்ள எக்ஸ்டென்ஷன் ஜாக்கில் மட்டும் கேபினெட்டைச் செருகிவிட்டு முதன்மை ஜாக்கைக் காலியாக விட்டால் சத்தம் வராது. ஆம்ப் கெட்டுவிட்டது என்று பதறாமல் ஒயரை முதன்மை ஜாக்குக்கு மாற்றினால் போதும்.

சில ஆம்ப்களில் எக்ஸ்டென்ஷன், எக்ஸ்டர்னல் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். வாக்ஸ் ஏசி30 சி2 அப்படித்தான். எக்ஸ்டென்ஷன் என்பது உள்ளே இருக்கும் ஸ்பீக்கரோடு கூடுதலாக வெளியே ஒன்றையும் சேர்ப்பது. எக்ஸ்டர்னலில் செருகினால் உள் ஸ்பீக்கர் துண்டிக்கப்பட்டு வெளியே உள்ளது மட்டும் ஒலிக்கும்.

சரி, உங்கள் நண்பரின் கேபினெட்டுக்கு வருவோம். நான்கு ஸ்பீக்கர் கேபினெட் என்கிறீர்கள். மார்ஷல் 1960ஏ மாதிரி என்றால் அதன் பின்னால் மோனோ, ஸ்டீரியோ சுவிட்ச் இருக்கும். மோனோவில் 4 ஓம், 16 ஓம் என்று இரண்டு ஜாக்குகள் கிடைக்கும். ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 8 ஓம். உங்கள் ஆம்ப்பில் 4 ஓம் ஜாக் இல்லை, ஆகவே கேபினெட்டின் 16 ஓம் ஜாக்கைத்தான் பயன்படுத்த வேண்டும். உள் ஸ்பீக்கரின் ஒயரை எடுத்துவிட்டு, ஆம்ப்பின் 16 ஓம் ஜாக்கில் கேபினெட்டின் ஒயரைச் செருகுங்கள். ஆம்ப் அணைந்திருக்கும்போது மட்டுமே இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டும்.

இரண்டும் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்றால், உள் ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று பாருங்கள். ஸ்பீக்கரின் முதுகிலேயே அச்சிட்டிருக்கும். அதுவும் 16 ஓம் என்றால் வேலை எளிது. ஸ்பீக்கர் ஜாக்குகள் பெரும்பாலும் பேரலலாக இணைந்தவை, இரண்டு 16 ஓம் பேரலலில் சேர்ந்தால் 8 ஓம். 8 ஓம் ஜாக் இரண்டாக இருப்பது இதற்காகத்தான்: ஒன்றில் உள் ஸ்பீக்கர், மற்றொன்றில் கேபினெட். சில ஆம்ப்களில் அந்த இடத்தில் '2 x 16 ஓம்' என்றே எழுதியிருக்கும். சக்தி சரிபாதியாகப் பிரியும், உள் ஸ்பீக்கருக்கு 20 வாட், கேபினெட்டுக்கு 20 வாட். நண்பரின் கேபினெட் 8 ஓம் மட்டுமே என்றால் 16ஓடு சேர்ந்து 5.33 ஓம் ஆகும், அதற்கேற்ற ஜாக் உங்களிடம் இல்லை. அப்போது உள் ஸ்பீக்கரை விட்டுவிட்டு, கேபினெட்டை மட்டும் 8 ஓம் ஜாக் ஒன்றில் செருகி வாசியுங்கள்.

டியூப் இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் இந்த விதிகள் பெரும்பாலும் தலைகீழ். அவற்றில் பொதுவாக அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கிடையாது. '8 ஓம் மினிமம்' என்று போட்டிருந்தால் 8க்குக் கீழே போகக்கூடாது என்று பொருள். 16 ஓம் போட்டால் சத்தம் குறையுமே தவிர கேடில்லை. ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஷார்ட் ஆனால், அல்லது 4 ஓம் மினிமம் உள்ளதில் 2 ஓம் சுமை ஏற்றினால், அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விடும். டியூப் ஆம்ப் வைத்திருப்பவரும் டிரான்சிஸ்டர் ஆம்ப் வைத்திருப்பவரும் ஒருவருக்கொருவர் சொல்லும் அறிவுரை பல நேரம் பொருந்தாமல் போவது இதனால்தான். யாராவது யோசனை சொன்னால் அவருடைய ஆம்ப் எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

அடுத்து, உங்கள் இரவுப் பதிவு. சென்ட், லைன் அவுட், எமுலேட்டட் அவுட் மூன்றிலும் வருவது சிறிய சிக்னல்தான், இன்டர்ஃபேஸுக்கு ஆபத்தில்லை. மூன்றும் ஒன்றல்ல என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

சென்ட் என்பது ப்ரீஆம்ப் (ஒலியின் தன்மையை அமைக்கும் முதல் பகுதி) முடிந்து பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் பகுதி) தொடங்குவதற்கு முன்னால் உள்ள இடம். டிலே, ரிவெர்ப் பெடல்களை நடுவில் சேர்ப்பதற்காக வைத்தது. சென்ட்டிலிருந்து பெடலுக்குப் போய், பெடலிலிருந்து ரிட்டர்னுக்குத் திரும்பும். அதே சென்ட்டை நேராக இன்டர்ஃபேஸில் செருகினால் ப்ரீஆம்ப்பின் ஒலி மட்டும் பதிவாகும். பவர் டியூப்களின் குணமும் ஸ்பீக்கரின் குணமும் அதில் இருக்காது. ஸ்பீக்கரின் குணம் என்பது சின்ன விஷயமில்லை. கிடார் ஸ்பீக்கர், பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் போல 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்காது. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அதன் ஒலி வேகமாகச் சரிந்துவிடும். டிஸ்டார்ஷன் போட்ட கிடாரில் அதற்கு மேலே இருப்பதெல்லாம் கரகரப்புதான், அதை வடிகட்டுவதே ஸ்பீக்கரின் வேலைகளில் ஒன்று. அதனால்தான் சென்ட்டிலிருந்து நேராக எடுத்த டிஸ்டார்ஷன் ஈ மொய்ப்பது போல இரைச்சலாகக் கேட்கிறது. லேப்டாப்பில் ஸ்பீக்கரின் குணத்தைப் போலச் செய்யும் கேபினெட் ஐஆர் எனப்படும் கோப்பை ஏற்றிவிட்டால் சரியாகிவிடும்.

எமுலேட்டட் அவுட்டில் இந்த வடிகட்டலை ஆம்ப்பே செய்து அனுப்புகிறது. அதன் மேல் மறுபடியும் லேப்டாப்பில் கேபினெட் ஐஆர் போடாதீர்கள், போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல மங்கிவிடும். வெறும் 'லைன் அவுட்' என்று மட்டும் எழுதியிருந்தால் வடிகட்டல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காது சொல்லிவிடும். இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ரூமென்ட், லைன் என்று தேர்வு இருந்தால் லைனில் வையுங்கள்.

இப்போது அந்த முக்கியமான கேள்வி: லைன் அவுட்டில் எடுக்கும்போது ஸ்பீக்கரைக் கழற்றலாமா? லைன் அவுட்டில் பிளக் செருகியதும் பவர் டியூப்கள் ஓய்வெடுக்கப் போய்விடுவதில்லை. அவை அப்படியே வேலை செய்துகொண்டிருக்கின்றன, அவற்றுக்குச் சுமை வேண்டும். லைன் அவுட் அந்தச் சுமையாகாது. ஆகவே ஸ்பீக்கர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மாஸ்டர் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். பல ஆம்ப்களில் மாஸ்டர், எஃபெக்ட்ஸ் லூப்புக்குப் பின்னால் இருக்கிறது. அப்படியானால் சென்ட்டில் சிக்னல் வந்துகொண்டே இருக்கும், ஸ்பீக்கர் மௌனமாக இருக்கும். எமுலேட்டட் அவுட்டைச் சில ஆம்ப்களில் மாஸ்டருக்கு முன்னாலிருந்து எடுத்திருப்பார்கள், சிலவற்றில் பவர் ஆம்ப்புக்குப் பின்னாலிருந்து. மாஸ்டரை இறக்கிப் பாருங்கள், இன்டர்ஃபேஸில் ஒளிரும் விளக்கு அடங்கினால் அது பின்னாலிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அப்போது சென்ட்தான் உங்கள் வழி.

பவர் டியூப்களின் ஒலியும் வேண்டும், சத்தமும் கூடாது என்றால் லோட் பாக்ஸ் என்ற கருவி வேண்டும். ஸ்பீக்கர் ஜாக்கில் ஸ்பீக்கருக்குப் பதிலாக அதைச் செருகினால், சக்தியைத் தானே வாங்கி வெப்பமாக்கிவிட்டு, லைன் அளவில் சிக்னல் தரும். டூ நோட்ஸ் கேப்டர் இந்த வகை. அதில் 8 ஓமுக்குத் தனி மாடல், 16 ஓமுக்குத் தனி மாடல் என்று விற்கிறார்கள், ஆம்ப்பின் ஜாக்குக்கு ஏற்றதை வாங்க வேண்டும். ஹ்யூஸ் அண்ட் கெட்னர் டியூப்மைஸ்டர் போன்ற சில டியூப் ஆம்ப்களில் இந்தச் சுமை உள்ளேயே இருக்கிறது, அவற்றை ஸ்பீக்கர் இல்லாமலே ஓட்டலாம். கையேட்டில் இது தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள்.

மேடையிலோ சர்ச்சிலோ மிக்சருக்குக் கொடுக்க எக்ஸ்எல்ஆர் வடிவில் டிஐ அவுட் உள்ள ஆம்ப்களும் உண்டு. மூன்று பின் கொண்டது, மைக் ஒயரே போதும், நீளமாக இழுத்தாலும் இரைச்சல் ஏறாது. மிக்சரில் அந்தச் சேனலின் 48 வோல்ட் ஃபேன்டம் பவரை (மைக்குகளுக்காக மிக்சர் அனுப்பும் மின்சாரம்) அணைத்துவிட்டு இணைப்பது நல்லது. ஹம் (உம்மென்ற இரைச்சல்) கேட்டால் டிஐ பக்கத்தில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். ஹம்மைப் போக்க ஆம்ப்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடிப்பவர்களை நம் ஊரில் நிறையப் பார்க்கலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு கையில் கிடார் கம்பி, உதட்டருகில் மைக் என்று நிற்கும் பாடகருக்கு அந்த எர்த் பின்தான் உயிர்க்காப்பு.

ஹெட்போன் ஜாக் உங்கள் ஆம்ப்பில் இல்லை. பெரும்பாலான டியூப் ஆம்ப்களில் இருக்காது. ஸ்பீக்கர் ஜாக்கில் ஹெட்போனைச் செருகிவிடாதீர்கள்: 25 வோல்ட் ஹெட்போனையும் தாண்டிக் காதைப் பதம் பார்க்கும். இன்டர்ஃபேஸில் உள்ள ஹெட்போன் ஜாக்கில் கேளுங்கள், அதுவே சிறந்த ஒலி. பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா போன்ற பயிற்சி ஆம்ப்களில் ஹெட்போனும் ரெக்கார்டிங் அவுட்டும் ஒரே ஜாக், செருகியதும் ஸ்பீக்கர் நின்றுவிடும். அதை மிக்சருக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஸ்டீரியோ ஜாக், பிளக்கின் நுனியில் இடது, நடு வளையத்தில் வலது. மிக்சரின் பேலன்ஸ்டு இன்புட்டில் ஸ்டீரியோ பிளக் உள்ள ஒயரைச் செருகினால், மிக்சர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்பதால் கழித்தால் மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, ரிவெர்ப்பின் மெல்லிய வால் மட்டும் கேட்கும். இடது, வலது என இரண்டாகப் பிரியும் ஒய் ஒயரைப் பயன்படுத்தி இரண்டு சேனல்களில் கொடுத்தால் சரியாக வரும்.

கடைசியாக ஒயர். கிடார் ஒயரும் ஸ்பீக்கர் ஒயரும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கிடார் ஒயருக்குள் நடுவில் மெல்லிய கம்பி, சுற்றிலும் வலை. ஸ்பீக்கர் ஒயருக்குள் ஒரே தடிமனில் இரண்டு கனமான கம்பிகள். ஸ்பீக்கர் ஜாக்கில் கிடார் ஒயரைப் போட்டால் ஒலி வரத்தான் செய்யும், ஆனால் மெல்லிய கம்பி சூடாகும், ஒரு நாள் பாட்டின் நடுவே அறுந்தால் ஆம்ப் சுமையில்லாமல் நிற்கும். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் 14 அல்லது 16 கேஜ் இரட்டைக் கம்பியும் நல்ல உலோக பிளக் இரண்டும் வாங்கி, பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்தால் ஒயர் தயார். அதன் மேல் 'ஸ்பீக்கர்' என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

வாங்கிய ஆம்ப்பை முதலில் இயக்கும் முன் ஒரு மல்டிமீட்டரை எடுத்து, ஸ்பீக்கர் ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றி, பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். மீட்டர் காட்டுவது கம்பிச்சுருளின் டிசி மின்தடை, அது எழுதியிருப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். 16 ஓம் ஸ்பீக்கர் 12 அல்லது 13 என்று காட்டும், 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7. ஒன்றுமே காட்டாவிட்டால் சுருளோ ஒயரோ அறுந்திருக்கிறது, ஆம்ப்பை இயக்காதீர்கள். 16 ஓம் ஜாக்கில் செருகியிருந்த ஸ்பீக்கர் 6 என்று காட்டினால், முன்னால் வைத்திருந்தவர் ஸ்பீக்கரை மாற்றியிருக்கிறார் என்று பொருள். ஒயரை 8 ஓம் ஜாக்குக்கு மாற்றுங்கள்.

வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒலி திடீரென்று நின்றால், வால்யூமைக் கூட்டிப் பார்க்க வேண்டாம். முதலில் ஸ்டாண்ட்பை, அப்புறம் ஒயரைச் சோதியுங்கள். ஒயர் சரியாக இருந்தும் ஒலி வரவில்லை என்றால் டியூப் ஆம்ப் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். நீங்களே மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே உள்ள கெபாசிட்டர்கள், பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் 400 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும்.